ஆறு கிலோ குறையணும்

— யோவ் பாஸ்கலு! கட்டுன பொண்டாட்டி ஸ்கூட்டர் ரெண்டு டயரும் இல்லாம கல்லு மேல நிக்குது. நீ இன்னாடான்னா என் கடைத் தராசுல டயர வச்சு நிறுத்துகினு கீற?

— கத்தாத லூர்து, நம்பர் ஓடுது... ரெண்டு கிலோ எழுநூறு! நம்ம ஆம்னி வேன் டயரு அஞ்சு எழுநூறு. ஒண்ணுக்கு மூணு கிலோ மிச்சம். முன்னாடி ரெண்டுக்கும் ஆறு கிலோ செல்லம், ஆறு!

— நான் எப்டிய்யா ஊட்டுக்குப் போறது?

— அண்ணனூர் ஸ்டேசன் தோ கீது. ரெண்டு நாளு ட்ரெய்ன்ல போ செல்லம். நாளைக்கு ரேஸு. போன வருசம் ஒன் தம்பி ஜேம்ஸு அரை செகண்டுல என்னக் கவுத்தான். இந்த வாட்டியும் தோத்தா ஆம்னிய ஒன் கடையிலயே ஒடைச்சு இரும்பா போட்டுடறேன்னு அத்தினி பேர் எதிர்லயும் சொல்லிட்டேன்.

— அடப்பாவி! பதினோரு வருசம் நான் பழைய பேப்பர் லோடு அடிச்ச வண்டிய்யா அது. அத ஒடைக்க நீ யாரு? ஆமா, இந்த நோஞ்சான் டயரு ஆம்னியத் தாங்குமா?

— நானூறு மீட்டர்தானே செல்லம். இழுப்பு பூரா பின் டயருக்கு, அது தடியா இருக்கணும். முன் டயருக்கு வேலையே கெடையாது. ஒல்லியா, சும்மா கூட வந்தா போதும்.

— சும்மா கூட வர்றது சரி, உன்ன மாதிரி. ஒல்லிதான் இடிக்குது.

— வெளையாடாத. கிராம் கிராமா கொறைச்சுகினு கீறேன். பின் சீட்டு போச்சு. ஹாரன் போச்சு, முந்நூறு கிராம். கண்ணாடி ஏத்துற கைப்பிடி நாப்பது. ஜேம்ஸு மீசையவே எடுத்துட்டானாம்!

— யோவ், டேஷ்போர்டுல இருந்த மாதா சுரூபம் எங்க?

— அது... நூத்தி அம்பது கிராம் செல்லம். ஸ்டிக்கரா ஒட்டிட்டேன்.

— மரியே! மாதாவயே எறக்கி உட்டுட்டியா?

— அவங்க புரிஞ்சுப்பாங்க.

— நல்லா புரிஞ்சுப்பாங்க. சரி, டயர மாட்டிக்க. அதுக்கு முன்னாடி அந்தத் தராசு மேல ஏறு.

— நானா? இன்னாத்துக்கு?

— ஏறுய்யா... நூத்தி பன்னெண்டு. எறங்கு. இப்ப நான்... நாப்பத்தேழு. கிராம் கணக்குல புலியாச்சே நீ. மிச்சம் எவ்ளோ?

— அறுபத்தஞ்... ஏய். ஏய் லூர்து, வேணாம். ரெண்டு வருசமா இந்த வண்டிக்கோசம் உயிர உட்டுகினு கீறேன். இன்னா வேணாலும் கேளு, ஸ்டேரிங்க மட்டும் கேக்காத.

— யாரு கேட்டா? ஓட்டுறவங்க பேருன்னு ரேஸ் ஃபாரத்துல போட்டிருந்த எடத்துல காலையிலயே என் பேர எழுதிக் குடுத்துட்டேன். அழுவாத. உனுக்கும் ஒரு ஸ்டிக்கர் அடிச்சு வச்சுகீறேன், மாதா பக்கத்துல ஒட்டிக்கலாம்.