வில்பிரட் சொத்துக் கணக்கில் இரண்டு வரிகள்

ஜெனிக்கு,

ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தது அதிகம்தான். அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு முப்பதே போதும். மீட்டர் போடச் சொன்னேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊருக்குப் புதுசா?" என்றார். அந்தப் பத்து ரூபாயை என் கைக்காசிலிருந்து ஈடுகட்டிவிட்டேன்.

நீ கேட்டது அதைப் பற்றி அல்ல. உன் அப்பா வில்பிரட், தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ராஜகீழ்ப்பாக்கம் வீடும் பாங்குப் பணமும் கடைசியில் உனக்கு. உன் அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருடைய சாப்பாடு, மருந்து, வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து நான் கொடுக்க வேண்டும். அம்மாவும் போய்விட்டதால் கணக்கை முடித்து உனக்கு மஸ்கட்டுக்கு அனுப்பினேன். அதில் இரண்டு வரிகளுக்கு விளக்கம் கேட்டிருக்கிறாய். மார்ச் 14, பாங்கிலிருந்து எடுத்தது அறுபதாயிரம். மார்ச் 15, திரும்பக் கட்டியது அறுபதாயிரம். தணிக்கை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் நாற்காலி தேய்த்தவன் நான். இதைக் கண்டுபிடிக்கிற ஆளை எனக்குப் பிடிக்கும்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போட்டுவிட்டு ரசீது வருமா என்று பார்க்கிற ஜென்மம். "பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு டோக்கன் கேப்பீங்க" என்பாள் உன் யூனிஸ் அத்தை. எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

போன அறுப்பின் பண்டிகையில், சர்ச் பந்தியில் வைத்து உன் அம்மா சொன்னார்: "அண்ணா, ஒரு தடவ கணக்கக் காட்டுங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பந்தியில் பதினோரு பேர் இருந்தார்கள். எண்ணினேன். யாரோ ஒருவர் சிரித்தார், பிரியாணிக்காகக்கூட இருக்கலாம். மறுநாளே கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ரொம்ப சுத்தமா இருக்குண்ணா" என்றார். எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு, ரசீது இல்லாமல் ஒரு பைசா தருவதில்லை என்று வைத்தேன். உயிலில் அப்படி ஒரு வரி கிடையாது, நான் போட்டதுதான். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாவிடம் உன் அம்மா பில் கேட்டிருக்கிறார். "இன்னாமா, நெத்திலிக்கு பில்லா? உங்க சாருக்கு மண்டைல எதுனா கீதா?" என்றாளாம். இதை உன் அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் அவளைக் கெஞ்சித் துண்டுக் காகிதங்களில் கைநாட்டு வாங்கி அனுப்பினார். கோப்பில் அப்படி நாற்பத்தேழு காகிதங்கள் இருக்கின்றன, மீன் வாசத்தோடு. ஒவ்வொன்றையும் வரிசை எண் போட்டுக் கோக்கும்போது மனசு குளிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் குளிர்ந்தது.

மார்ச் 14 காலை பத்தரைக்குப் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் போன் செய்தார். உன் அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். இதயத்தில் அடைப்பு, அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், முன்பணம் அறுபதாயிரம். பன்னிரண்டு மணிக்குள் பாங்கில் பணம் எடுத்துவிட்டேன். அதுவரை நான் நல்லவன்தான். அதை என் பக்கத்தில் வரவு வைத்துக்கொள்.

முதலில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணா, ரசீது வாங்க மறந்துடாதீங்க" என்றார். பயத்தில் சொன்னது அது. நான் பழக்கிய பயம். இன்று தெரிகிறது. அன்று கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன், சுருக்கென்றது.

வெளியே கிளியம்மாள், "சார், துட்டு கட்னா உடனே உள்ள இட்டுகினு போவாங்களாம். எடுத்தாந்தீங்களா?" என்றார். பாங்கில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்குத்தான் கிடைக்கும் என்றேன். அந்த அம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினார். அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். "மாமா, பணம் கட்டியாச்சா?" என்றாய். "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் காக்கவைக்கலாம் என்றுதான் நினைத்தேன். 'கணக்குக் கேட்டது தப்புண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும், கட்டிவிடலாம். அவர் எப்படிச் சொல்லி அனுப்புவார்? அப்படி ஒன்றை எதிர்பார்க்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லையே. இவ்வளவு புத்திசாலி நான். மூன்று காபி குடித்தேன், என் சொந்தச் செலவில்.

ஐந்து மணிக்குக் கிளியம்மாள் இருபத்தெட்டாயிரத்தோடு வந்து, மீதியை நாளைக்குக் கட்டுவதாகக் கவுன்டரில் கெஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக இருபது அடி இருக்கும். போகவில்லை. ஆறேகாலுக்கு உன் அம்மா போய்விட்டார். மறுநாள் பாங்கு திறந்ததும் முதல் ஆளாகப் பணத்தைத் திரும்பக் கட்டினேன்.

இரண்டு வரிகளுக்கும் இதுதான் விளக்கம். உன் அம்மா ஞானசௌந்தரியைக் கொன்றது நான்தான், ஜெனி. நீ போலீசுக்குப் போனால் இந்தக் கடிதத்தை எடுத்துப் போ. நகல் என்னிடம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. உன் சொத்தில் ஒரு பைசா நான் தொட்டதில்லை, அதை யாரும் மறுக்க முடியாது. கடைசிப் பக்கத்தின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் 'கணக்கு சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அசரியா மாமா