ஊதா விளிம்புப் பவளம்

நன்றாகப் பராமரிக்கிற கடல்நீர்த் தொட்டி நாறவே நாறாது. என் வீட்டுக்கு வருகிற எல்லோரும் மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் வருவார்கள், பிறகு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நீங்கள் காந்தி நகர் வீட்டு வாசலோடு என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை, அய்யாதுரை சார். ஒருவிதத்தில் நல்லதுதான். ஆட்கள் வந்து போனால் ஏசி குளிர் குறைந்துவிடும்.

நிலா ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். காலையில் என் வீட்டில் வேலை முடித்துக் கிளம்பியவள், கோட்டூர்புரத்தில் அவள் வீட்டு வாசலிலேயே விழுந்திருக்கிறாள். எதைத் தின்றாள், எதைத் தொட்டாள் என்று சீக்கிரம் தெரிந்தால் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறாராம். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். சர்வீஸ் முழுக்கத் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான், நுனிப்புல் மேய எனக்கு வராது.

பவளம் என்றதும் நீங்கள் மோதிரத்தில் பதிக்கிற சிவப்பை நினைப்பீர்கள். நான் சொல்வது உயிருள்ள பவளம். கல்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பூப்பூவாக விரியும். கப்பலில் இன்ஜினீயராக இருக்கும் என் சிநேகிதர் கரீமுல்லா அதைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் குங்குமச் சிவப்பு, சுற்றிலும் பச்சை, விளிம்பில் ஊதா. அந்த ஊதா அங்கே கடைக்காரர்களிடமே கிடையாதாம். மெட்ராஸில் வேறு யாரிடமும் இல்லை. என் மனைவி போன பிறகு காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க எனக்கு இருந்த ஒரே காரணம் அதுதான்.

அதற்கு எதிரி அதன் பங்காளிதான். பழுப்பு நிறத்தில் சாதாரண வகை ஒன்று பக்கத்துக் கற்களில் முளைத்து, மெல்லப் படர்ந்து வந்து ஊதாவை அமுக்கிவிடும். அந்தக் கற்களை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தாக வேண்டும். போன வருஷம் நானே செய்தேன். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு சொர்ணம் செய்தாள்.

சொர்ணம் நிலாவின் அம்மா, என் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். தொட்டியை முதலில் பார்த்தபோது, "இன்னா சார் இது, கல்லு மேல பூ பூத்துக் கீது" என்றாள். பார்க்க வந்தவர்களில் என்ன விலை என்று கேட்காதவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவள் கல்லைச் சுத்தம் செய்த அன்று நான் பாண்டி பஜாருக்கு ட்யூப்லைட் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"வாயெல்லாம் கசக்குது சார், மாரை அடைச்சிக்கினு வருது" என்றாள்.

ஆட்டோ பிடித்து நானேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்று என்ன செய்தாள் என்று டாக்டர் கேட்டார். வழக்கமான வேலைதான் என்றேன். மறுநாள் போய்விட்டாள். மாரடைப்பு என்று எழுதினார்கள். பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு போனேன், அவள் புருஷன் அம்மாசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஊதா நன்றாக விரிந்திருந்தது.

"அம்மா கதை அப்புறம் சார். பொண்ணு இன்னிக்கு எதைத் தொட்டுச்சு? அதைச் சொல்லுங்க" என்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நிலா தானாகத்தான் வந்தாள். அம்மா பார்த்த வேலையைத் தனக்குத் தரச் சொன்னாள். "நீங்க தங்கமான மனுசன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும் சார்" என்றாள். எப்படி மறுப்பது? சுத்தமான வேலைக்காரி. கல்லைப் பற்றி நான் அவளிடம் வாயே திறக்கவில்லை. ஆனால் ஊதாவுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கல்லில் பழுப்பு மறுபடி வந்துவிட்டது. ஊதாவைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. யோசிக்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்று அவள் அண்ணன் அறிவு என் வாசலில் வந்து நின்று, "எங்கம்மாவும் இங்கதான் வுழுந்துச்சு, இப்ப தங்கச்சியும் இங்கேர்ந்து போயி வுழுந்து கெடக்குது" என்று சத்தம் போட்டான். அடுத்து உங்களிடம்தான் போவான் என்று தெரிந்தது. உடனே கரீமுல்லாவுக்குப் போன் செய்தேன். ஊருக்குப் போகிறேன், திரும்பும்வரை பவளம் உங்கள் தொட்டியில் இருக்கட்டும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றேன். மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு வேறொன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் உங்கள் ஆட்கள் தொட்டியை உடைத்துச் சாக்கடையில் விட்டிருப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இந்நேரம் அவர் வண்டி அடையாறு பாலத்தைத் தாண்டியிருக்கும். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

நிலா காலையில் அந்தக் கடைசிக் கல்லை வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். அந்த ஆவியில் விஷம் இருக்கிறது. போன வருஷம் நான் ஒரு வாரம் படுத்துக் கிடந்தபோதே கரீமுல்லா சொன்னார், இதே வேலையைச் செய்து சிங்கப்பூரில் ஒரு ஆள் செத்தே போனான் என்று. சொர்ணம் செத்ததும் அதனால்தான். தெரிந்துதான் இருவரிடமும் கொடுத்தேன். கையுறை கொடுக்கவில்லை, கொடுத்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன், தொட்டி இருக்கிற அறைக்குள் ஆவி வரக்கூடாது இல்லையா. டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த உங்கள் கான்ஸ்டபிள் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. வெளியே அறிவு அழுகிற சத்தம் கேட்கிறது. அவனை உள்ளே கூப்பிடுங்கள் சார், நான் எதையும் மறைக்கவில்லை என்று அவனிடமும் சொல்லிவிடுகிறேன்.