தயிர் உறையாத அறை

முதலில் ஒரு சின்ன விஷயம், ஐயா. இந்த அறை ரேடியேட்டருக்கு இந்த ஆஸ்பத்திரிப் பச்சையை அடித்தது யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், இது என் தொழில். வீட்டை உள்ளே எப்படி அமைப்பது என்று இந்த ரூசே ஊரில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இந்த இரும்பு விலா எலும்புக் கூட்டை என்ன செய்வது? சுவர், தரை, திரைச்சீலை எல்லாம் பாந்தமாக அமைந்துவிடும். அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடுகிற இந்தக் கிழட்டு இரும்பு மட்டும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் பலர் அதை மறைப்பதில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கூரை உயரமாக இருந்தால் அது எடுபடும். ஒல்லியாக, ஆள் உயரத்துக்கு, கண்ணாடி பதித்து வருகிற புது வகையும் இருக்கிறது. என் வீடு மேல்மாடியில், கையைத் தூக்கினால் கூரை இடிக்கும். அங்கே இந்தப் பகட்டெல்லாம் செல்லாது. அதனால் சுவர் முழுக்க ஓக் பலகையில் அறுத்த மெல்லிய பட்டைகளை நெடுக்குவாட்டில் பதித்து, ரேடியேட்டரை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டேன். எனக்குச் சூடு வேண்டுமே என்று தரைக்கடியில் மின்சாரக் கம்பிகள் போட்டுக்கொண்டேன். பனிக்காலத்திலும் வெறுங்காலோடு நடக்கலாம். அந்தச் சுவரைப் படம் எடுக்க ஒரு பத்திரிகை வருவதாக இருந்தது.

எனக்கு நேர் கீழ்வீடு என் தங்கை நெவேனாவுடையது. அப்பா மாடியை எனக்கும் அதை அவளுக்கும் விட்டுப்போனார். நீங்களே போய்ப் பார்த்தீர்கள். டான்யூப் ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல், இரண்டு ஆள் உயரக் கூரை, கூரை நடுவில் சாந்தில் செய்த பூ. அந்தப் பூவிலிருந்து அவள் என்ன தொங்கவிட்டிருந்தாள் என்பதையும் பார்த்திருப்பீர்கள். மிளகாய்ச் சரம். ரேடியேட்டர் மேல் காலுறைகள். காலுறைக்குப் பக்கத்தில் கம்பளியில் சுற்றிய தயிர் ஜாடி. "மனுஷி வாழற வீடுக்கா இது, கண்காட்சி இல்ல" என்பாள். யாரைச் சாடை பேசினாள் என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது.

எங்கள் வீடு பழையது. குளிர்காலம் தொடங்கும்போது குழாய்களில் வெந்நீர் விடுவார்கள். உள்ளே இருக்கிற காற்றெல்லாம் மேலே ஏறி என் ரேடியேட்டரில் வந்து அடைத்துக்கொள்ளும். அதன் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. சின்னச் சாவி போட்டு அரைத் திருகு திருகினால் புஸ்ஸென்று காற்று வெளியே போகும், கீழ்வீடுகளில் சூடு ஏறும். திருகாவிட்டால் ஏறாது. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். வருஷா வருஷம் குழாய்க்காரர் ஸ்டோயில் வந்து இதைச் செய்துவிட்டுப் போவார். இந்த வருஷமும் வந்தார்.

"ராலிட்சாக்கா, எங்க அந்த ரேடியேட்டர்? ஒரு திருகு திருகிட்டுப் போயிடறேன்."

"சுவருக்குள்ள இருக்கு. பட்டையெல்லாம் பசை போட்டு ஒட்டினது. பிரிச்சா நாசமாயிடும்."

"ஒரு கதவுகூட விடாமயா மூடினீங்க? ஊருக்கெல்லாம் வீடு அமைச்சுக் குடுக்கறவங்க நீங்க."

"படம் எடுத்து முடியட்டும் ஸ்டோயில். அப்புறம் பிரிச்சுக்கலாம்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. போகும்போது படிக்கட்டில் நெவேனாவோடு ஏதோ குசுகுசுத்தார். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என் சுவரை உடைக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் சந்தேகப் பிராணி என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலும் அதுதானே.

ஊரார் யாருக்கும் நான் கெடுதல் செய்யவில்லை. நெவேனாவுக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கும் கீழே செருப்புக்கடை, மூடிவிட்டார்கள். அந்தக் குழாயில் சூடு வேண்டியிருந்தது நெவேனா ஒருத்திக்குத்தான்.

அவளுக்கு இலையுதிர் காலத்தில் நிமோனியா வந்து போயிருந்தது. இருமல் மட்டும் தங்கிவிட்டது. நான் படியிறங்கும்போதெல்லாம் அந்த இருமல் கொஞ்சம் ஓங்கிக் கேட்பதாக எனக்குப் பட்டது. வேண்டுமென்றே இருமுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"இதப் பாருக்கா. நேத்து வச்ச பால், பாலாவே இருக்கு. ரேடியேட்டர் ஐஸா கிடக்கு."

"பத்திரிகைக்காரங்க வந்துட்டுப் போகட்டும் நெவி."

"எப்பத்தான் வருவாங்க? அவங்களுக்கு முன்னாடி எனக்குப் பாதிரியார் வந்துடுவார் போல."

"தேதி தள்ளித் தள்ளிப் போகுது. நான் என்ன பண்ண?"

"ஒரே ஒரு பட்டையப் பிச்சிடேன். பசை நான் வாங்கித் தர்றேன். மூச்சு இழுக்குதுக்கா. குளிர் ஆகவே ஆகாதுன்னுட்டார் டாக்டர்."

பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றி என் தரையில் கால் வைத்தாள். "அடேயப்பா, ரொட்டி அடுப்பு மேல நிக்கற மாதிரி இருக்கே" என்று கால்விரல்களை விரித்து விரித்து வைத்துச் சிரித்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது. ஜாடியை வாங்கி என் தரையில் ஒரு மூலையில் வைத்தேன். மறுநாள் கத்தியால் வெட்டலாம்போலக் கெட்டியாக உறைந்திருந்தது. நானே இறங்கிப்போய்க் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளை என் வீட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னேன். கீழ்வீட்டை என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மேலே வந்து நிம்மதியாக இரு என்றேன். "நான் சாகற வரைக்கும் அது நடக்காதுக்கா" என்று சிரித்தாள். அது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் சொன்னதில்லை.

மின்சார ஹீட்டர் வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டுப் பழைய வயரிங் தாங்காமல் விளக்கெல்லாம் அணைந்துபோனது. அப்போதுதான் நிலவறையில் அப்பா காலத்துக் கேஸ் ஹீட்டர் கிடப்பது எனக்கு நினைவு வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. நானே தூக்கி வந்து, துடைத்து, சிலிண்டர் மாட்டிக் கொடுத்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் குளிர்காற்று புகாமல் நாடா ஒட்டிக் கொடுத்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒட்டினேன், ஐயா, இந்த வயசில். "கத்தினாலும் என் அக்காவுக்குத் தங்கமான மனசு" என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அப்பா அந்த ஹீட்டரை ஏற்றும்போதெல்லாம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பார். எரியவிட்டுத் தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்பார். நெவேனாவுக்கு அது தெரிந்திருக்காது, அப்போது அவள் தொட்டில் குழந்தை. எனக்கு நினைவிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். முத்தம் கொடுத்தாளா, அந்தக் குழப்பத்தில் விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை அவள் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து போன் வந்தது, ஆளைக் காணோம் என்று. என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தாள், மடியில் கம்பளி. ஹீட்டர் பக்கத்தில் ஜாடி. அன்றைக்கு அவள் தயிர் நன்றாக உறைந்திருந்தது. நான் அழுதேன். பக்கத்துக் கட்டிடத்துப் பெண்கள்தான் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த அழுகை நடிப்பில்லை.

பத்திரிகைக்குப் போன் செய்து கேட்டுவிட்டீர்களா? சரி. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் இன்னும் அவர்களுக்கு எழுதவே இல்லை. எழுதலாம் என்றிருந்தேன்.

அந்தச் சுவரைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்கள் ஆட்கள் கடப்பாரையோடு போகப்போகிறார்கள் என்று தெரிகிறது, தயவுசெய்து வேண்டாம். பசையெல்லாம் ஒன்றுமில்லை. இடது ஓரத்தில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். சத்தமே இல்லாமல் திறக்கும். அப்படி ஒரு கதவு இருப்பது வெளியே தெரியாது, அதுதான் அந்த வேலையின் அழகு. உள்ளே திருகு இருக்கும், பக்கத்தில் ஆணியில் சாவி தொங்கும். சனிக்கிழமைதோறும் திறந்து ரேடியேட்டரைத் துடைப்பேன். தூசி எனக்கு ஆகாது. குழாய் வழியாக அவள் இருமுவது தெளிவாகக் கேட்கும். துடைத்துவிட்டு மூடிவிடுவேன்.

நான்தான் செய்தேன், ஐயா. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திட்டம் போட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது உண்மையில்லை. குளிர் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. என் கட்டிலுக்கு அடியில் ஒரு நீளப் பெட்டி இருக்கும், உங்கள் ஆட்களை உடைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தொங்குவிளக்கு. என் வீட்டில் மாட்டினால் தரையைத் தொடும், கீழ்வீட்டுக் கூரையின் அந்தச் சாந்துப் பூவிலிருந்து தொங்கவிட்டால்தான் சரியாக இருக்கும். ஜூலையில் தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கி வைத்தேன்.