புதன்கிழமைப் பொய் விசில்

உடற்கல்வி ஆசிரியை திருமதி ஜோதிலட்சுமி அவர்களின் பணிநிறைவு நாளில் அன்புடன் அளிக்கும் பாராட்டு மடல்

விசில் ஒன்றால் விளையாட்டுத் திடலையும் விழி ஒன்றால் எங்களையும் அடக்கியவரே! வெயிலுக்கும் தோல்விக்கும் முகம் சுளிக்காத வீராங்கனையரை வளர்த்தெடுத்த வித்தகரே! வணக்கம்.

செய்யூரில் எட்டாண்டு, மறைமலைநகரில் ஏழாண்டு, மதுராந்தகத்தில் பதினாறாண்டு என முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றினீர்கள். வென்ற கோப்பைகள் அலமாரி கொள்ளாமல் தலைமையாசிரியர் மேசை வரை வந்துவிட்டன. அவற்றைப் பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். நாங்கள் வியந்த ஒன்றை இங்கே சொல்கிறோம்.

புதன்தோறும் கபடிப் பயிற்சியில் தாங்கள் வேண்டுமென்றே தவறாக விசில் ஊதுவீர்கள். போட்டியில் தவறான தீர்ப்பு வந்தால் பிள்ளைகள் உடைந்துவிடக் கூடாதே! எத்தனை விசில் பொய் என்று முடிவில் தாங்களே சொல்லிவிடுவீர்கள். செய்யூரிலிருந்து முதல் பேருந்தில் வரும் ரோகிணிக்கு அதுவரை பொறுமை ஏது? பாடிச் செல்வதில் அணியிலேயே வேகமானவள், கோபத்திலும் அப்படியே.

“இன்னா மிஸ், காலு உள்ளதான கீது! கண்ணாடி போட்டுக்கினு பாருங்க!”

“அவுட்டுன்னா அவுட்டு. மூச்ச இழுத்து வுட்டுட்டு வெளிய போய் குந்து.”

அழுதாள், இரண்டு புதன்கிழமை வரவில்லை. மூன்றாம் புதன் தந்தை அப்பாசாமியே மகளோடு வந்தார். “எம் பொண்ண வாரா வாரம் பேஜாரு பண்றீங்களாமே?” தாங்கள் தேநீர் தந்து விசிலையும் அவர் கையில் தந்தீர்கள். கோடு தெரியாமல் அவர் ஊதிய முதல் விசிலிலேயே மகள் அவுட்! திடலே சிரித்தது, ரோகிணியும் சிரித்தாள். மூன்று முறை மூச்சிழுத்தாள், முழங்கால் மண்ணைத் தட்டினாள், வெளியே போய் அமர்ந்தாள்.

சென்ற ஆண்டு செங்கல்பட்டில் மாவட்ட இறுதிப் போட்டி. வென்றால் மாநிலப் போட்டி. ஒரு நிமிடம் மிச்சம். நமக்கு இரண்டு புள்ளி முன்னிலை. பாடிச் சென்ற ரோகிணி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டாள் என்று நடுவர் விசில் ஊதினார். தாண்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். முன்னிலை ஒரு புள்ளியாயிற்று. ஆனாலும் மூச்சிழுத்தாள், மண்ணைத் தட்டினாள், அமர்ந்தாள்.

அமராதவர் தாங்கள்தான்! “யோவ், இன்னாய்யா தீர்ப்பு இது? கோடு எங்க கீது, காலு எங்க கீது?” என்று களத்துக்குள் பாய்ந்தீர்கள். இன்னொரு சொல் பேசினால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்றார் நடுவர். தங்கள் வாய் திறப்பதை ரோகிணி பார்த்தாள்.

“மிஸ்! இன்னிக்கு புதன்கிழம மிஸ்! குந்துங்க!”

அன்று சனிக்கிழமை. தாங்கள் அமர்ந்தீர்கள். எதிரணிப் பெண் கடைசியாகப் பாடி வந்து வெறுங்கையோடு திரும்பினாள். ஒரே புள்ளியில் வென்றோம்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் தொள்ளாயிரம் மாணவியர் முன் கபடி அணியை அருகில் நிறுத்திக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தீர்கள். “கோவத்த அடக்கறது எப்படின்னு நான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு இவங்க எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நான் கத்தினது தப்பு.”

பின்வரிசையில் நின்ற ஆசிரியர்கள் நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். மாணவியரிடம் ‘என் தவறு’ என்று எங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? கணித ஆசிரியை காயத்ரி அன்றே தாம் தவறாகத் திருத்திய விடைத்தாளை ஒரு மாணவியிடம் திரும்பக் கேட்டு வாங்கினார்.

இம்மடலுக்கு விவரம் கேட்டபோது, “கப்பு எத்தினின்னு எழுதாட்டியும் பரவால்ல, நான் கத்தினத எழுதுங்க” என்றீர்கள், பெருமகளே! எழுதினோம், சட்டமும் போட்டோம். தங்கள் வீட்டு வரவேற்பறையில், வருவோர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டுங்கள். உடல் நோயறியாமல், உள்ளம் ஓய்வறியாமல், நூறாண்டு நிறைந்து வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
ஆசிரியர்கள், அலுவலர்கள், கபடி அணியினர்
மதுராந்தகம்