மிஸ் கேரளாவுக்கு மூச்சு

திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில் அன்று டிரைவர், கண்டக்டர், முன் சீட்டில் ஓர் அக்காவும் அவர் தம்பியும், அவர்கள் பின்னால் நான். வேறு யாருமில்லை. அக்காவின் காலடியில் பெரிய பை ஒன்று இருந்தது.

"அக்கா, மிஸ் கேரளா மூச்சு விடுறாளா பாரு."

"வாயைத் தொறந்து தொறந்து மூடுறாடா. பையில காத்து பத்தலையோ என்னமோ."

நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். யார் வீட்டுப் பெண்ணோ, இப்படிப் பையில் கட்டியா கொண்டுபோவார்கள்? நல்லவேளை, கண்டக்டர் கேட்டுவிட்டார். "யாரும்மா அந்தப் பொண்ணு?"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பைக்குள்ளிருந்து தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே சிவப்புக் கோடு போட்ட ஒரு மீன்.

"தொட்டியில வளக்குற மீனுங்க. பேரே மிஸ் கேரளாதான்."

"அது ஆத்துல அழிஞ்சிக்கிட்டு வருதாமே. புடிக்கலாமா?" என்று முன்னாலிருந்து கேட்டார் டிரைவர்.

"இது ஆத்துல புடிச்சது இல்லீங்க, பண்ணையில குஞ்சு பொரிச்சது. கேட்டுட்டுத்தான் வாங்குனோம்."

பஸ் பள்ளத்தில் குதித்தது. மீன் விருட்டென்று திரும்பி வாலை அடித்தது.

"அப்பாடா, உசுரோடதான் இருக்கா!" என்றான் தம்பி.

"என்னடா அப்பாடா? உசுரோட வந்து சேந்தா மிச்சத்தைக் குடுங்கன்னுதானே கடைக்காரர் அனுப்புனாரு. இன்னும் முந்நூறு ரூவா குடுக்கணும்."