பாதியில் நிற்கும் பாட்டு

கேம்ப் பகுதியிலிருந்து தாபோடி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு பெண்மணியும் அவருடைய கொழுந்தனாரும் இருந்தார்கள். இருவர் மடியிலும் சர்ச் கொயரின் பாட்டுத்தாள்கள்.

"இன்னைக்கு ஒத்திகையில எல்லாரும் நிப்பாட்டின பொறவு, ஒத்தையா ஆமென் பாடுதியளே, வெக்கமா இல்ல?"

"நம்ம கொயர்ல ஆமென் இல்லாம எந்தப் பாட்டு முடிஞ்சிருக்கு மதினி? வாய் தானா பாடிட்டு."

"இது ஒரு மனுசர் நாஜி முகாம்ல அடைபட்டுக் கெடந்து எழுதின பாட்டு. முடிக்கும் முன்ன கொண்டுபோய்க் கொன்னுட்டானுவ. அவரு விட்ட எடத்துலயே நாமளும் நிப்பாட்டணும்னு கொயர் மாஸ்டர் எத்தன தடவ சொல்லிட்டாரு!"

"சொன்னாருதான்."

"இருபது வருசமா எந்தப் பாட்டையும் லேட்டாத்தான் தொடங்குவிய. இப்போ நிப்பாட்டுறதும் லேட்டா?"

கொழுந்தனார் சிரித்தார். பிறகு தாளின் கடைசி வரியை விரலால் தடவினார்.

"பாதியில விட மனசு கேக்கல மதினி. இருந்திருந்தா முடிச்சிருப்பாருல்லா?"

பஸ் சிக்னலில் நின்றது. அந்தப் பெண்மணி தன் தாள்களைச் சுருட்டி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"கச்சேரி அன்னைக்கு மனசுக்குள்ள பாடிக்கிடுங்க. நான் அப்படித்தான் பாடுதேன்."