எடுத்து வச்சிருக்கேன்

அத்தான்: என் வாக்குக்கு என்ன விலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பன்னெண்டு பித்தளைக் குழாய்!

மச்சினி: மெதுவா, அத்தான். உள்ரூம்ல பேசுறது முன்னாடி கடைக்குக் கேக்குது.

அத்தான்: கேக்கட்டும்! பிளம்பர், விடுதிக்காரம்மா, மேஸ்திரி... மூணு பேர் கல்லாவைச் சுத்தி நிக்கிறாங்க. மூணு பேர் போன்லயும் ஒரே சீட்டு. "பன்னெண்டு குழாய் எடுத்து வச்சிருக்கேன்"னு. இருக்கிறதே பன்னெண்டு!

மச்சினி: சீட்டு அனுப்பினது ஏஜென்ட்...

அத்தான்: நீ கொண்டாந்த ஏஜென்ட்! நான் பார்த்த ஏஜென்டெல்லாம் கமிஷன்தான் கேப்பான். இது மானத்தையே கேக்குது.

மச்சினி: இது ஆளில்லை, அத்தான். போன்ல வர்ற கேள்விக்குத் தானா யோசிச்சுப் பதில் சொல்ற ஏஐ.

அத்தான்: நல்லா யோசிச்சுது. சாயங்காலம் வியாபாரிகள் சங்கத்துல, "எங்க மச்சினி செஞ்சது, நம்பி வாங்குங்க"ன்னு நான் எழுந்து சொல்லணும். சொல்வேனா?

மச்சினி: சொல்வீங்க. அஞ்சு நிமிஷம் கொடுங்க, டீபக்கரைத் திறக்கிறேன்.

அத்தான்: அது யாரு, அவனோட பங்காளியா?

மச்சினி: தப்பு தேடுற கருவி. ஏஜென்ட் செய்ற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு. பேரைத் தட்டினா போதும். அது என்ன வேலை, எத்தனை தடவை ஓடுச்சு, யார் அதுல கை வச்சாங்க... வண்டவாளமெல்லாம் வெளிய வந்துடும்.

அத்தான்: ...யார் கை வச்சாங்கன்னுமா?

மச்சினி: நாள், நேரத்தோட. ஏன்?

அத்தான்: சும்மா கேட்டேன். மேஸ்திரிக்கு டீ சொல்லிட்டு வரட்டா?

மச்சினி: உக்காருங்க. ம்... இது இல்லை... இதுவும் இல்லை...

அத்தான்: மேல ஏதோ ஒரு பேரைத் தள்ளிட்டியே?

மச்சினி: அது வேற. இதோ, "ஒதுக்கி வை". பொருள் பேரு கேக்குது, எண்ணிக்கை கேக்குது. இன்னைக்கு மூணு தடவை ஓடியிருக்கு. மூணும் சரியா ஓடியிருக்கு.

அத்தான்: சரியாவா? வெளிய வந்து அந்த மூணு மூஞ்சியையும் பார்த்துட்டுச் சொல்லு!

மச்சினி: இருங்க. கீழ விளக்கம்னு ஒரு வரி. அதைப் படிச்சுத்தான் எப்ப, எப்படி ஓட்டணும்னு ஏஜென்ட் முடிவு பண்ணும். நான் எழுதினது "வாடிக்கையாளர் உறுதியா வாங்குறேன்னா ஒதுக்கு". இப்ப என்ன இருக்குன்னு நீங்களே வாசிங்க.

அத்தான்: கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன்.

மச்சினி: மூக்கு மேல வச்சிருக்கீங்க.

அத்தான்: "யார் கேட்டாலும் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு. முதல்ல வர்றவருக்குக் கொடு. அப்புறம் வர்றவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்பத்தான் தீந்துச்சுன்னு சொல்லு."

மச்சினி: கையே இல்லாத ஜென்மத்துக்கு இப்படி யாரு எழுதுவா?

அத்தான்: யாரோ... அனுபவசாலி.

மச்சினி: மாத்தினது செவ்வாய்க்கிழமை, மூணே கால் மணி, கல்லா கம்ப்யூட்டர்லேர்ந்து.

அத்தான்: முப்பது வருஷமா அப்படித்தானே சொல்றேன்! ஒருத்தராவது சண்டைக்கு வந்திருக்காங்களா? வேலைக்கு வந்ததுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தேன், அது குத்தமா?

மச்சினி: நீங்க வாயால சொன்னீங்க. அது உபசாரம்னு கேட்டவருக்கும் தெரியும். இது நம்பர் போட்டு எழுதியே கொடுத்துடுச்சே.

அத்தான்: ...சரி, ஒத்துக்கறேன். நான்தான். இப்ப கொஞ்சம் மேல போ.

மச்சினி: எதுக்கு? அதான் கண்டுபிடிச்சாச்சே.

அத்தான்: ஒரு பேரை மட்டும் வேகமா தள்ளிட்டு வந்தே. எனக்கு உன் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா தராசு முள்ளை உள்ளங்கையால மறைக்கிற ஆளை நல்லாத் தெரியும்.

மச்சினி: அது சும்மா ஒரு...

அத்தான்: போம்மா மேல. ஆங்... "இருப்பைச் சரிபார்". இது எத்தனை தடவை ஓடுச்சு? உள்ளதைச் சொல்லு, சங்கத்துல எழுந்து நிக்கிறேன். மழுப்பினே, உக்காந்துடுவேன்.

மச்சினி: ...ஒரு தடவைகூட இல்லை. திங்கட்கிழமை நான்தான் நிறுத்தினேன். அது ஓடினா பதில் வர ஆறு வினாடி ஆகுது, சங்கத்துல காட்டும்போது சட்டுனு வரணும்னு ஆசை. அது ஓடியிருந்தா, நீங்க என்ன எழுதியிருந்தாலும் ரெண்டாவது சீட்டே போயிருக்காது. இப்ப திரும்பவும் போட்டுட்டேன், பாருங்க. நீங்க மறைச்சது ஒண்ணு, நான் மறைச்சது ஒண்ணு, ரெண்டும் சரிக்குச் சரி. கொடுத்த வாக்கு முப்பத்தாறு குழாய், இருக்கிறது பன்னெண்டு, பாக்கி இருபத்துநாலு. அதுக்கு இவங்க மூணு பேரும் வந்து நின்னதுமே எதிர்க்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன், அத்தான். "எடுத்து வச்சிருக்கேன்"னாரு... வாயாலதான்.